ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: வீட்டுக் கல்வியும் இணைய வகுப்பும்

பதின்மூன்று வயதுவரை வீட்டிலேயே படித்து வந்த பிள்ளையைப் பற்றி உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பத்தாவது எங்கே எழுதப் போறா?” என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியாத பதற்றத்தில் சில பெற்றோர் பிள்ளையை அவசரமாகப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். சிலர் விளம்பரம் பார்த்து ஏதோவொரு செயலிக்கு இரண்டு ஆண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டிவிடுகிறார்கள். எந்தத் தேர்வு, எந்தப் பாடம் என்று முடிவாகும் முன்பே வகுப்பு வாங்கியதால், ஆறு மாதத்தில் அது பிள்ளைக்குப் பொருந்தாமல் போகிறது.

இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றே. பதினெட்டு வயதில் பிள்ளை எந்த வாசலில் நிற்க விரும்புகிறாள் என்று முதலில் பேசுங்கள். அந்த வாசல் எந்தச் சான்றிதழைக் கேட்கிறது என்று பாருங்கள். அதற்கேற்பப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். இணைய வகுப்பு எது என்ற கேள்வி கடைசியில் வரட்டும். இந்த வரிசையைக் காப்பாற்றினால் மேல்நிலைப் பருவத்தை வீட்டிலிருந்தே நல்ல முறையில் கடக்க முடியும்.

சட்டத்தின் நிலை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள குழந்தைகளுக்குத்தான் அது பொருந்தும். அண்மைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பருவம் பெரும்பாலும் இச்சட்டத்தின் வயது வரம்பைத் தாண்டியது. ஆகவே இந்த வயதில் உங்கள் கவலை முழுவதும் சான்றிதழைப் பற்றியதாக இருக்கட்டும்.

சான்றிதழுக்கு மூன்று வழிகள்

சி.பி.எஸ்.இ. இங்கே உதவாது. அதன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத, அதனுடன் இணைந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் படிப்பவர்களுக்குத் திறந்திருப்பவை இவை.

முதலாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். எல்லோரும் என்.ஐ.ஓ.எஸ். என்றே சொல்கிறார்கள். சி.பி.எஸ்.இ. 1979-இல் ஒரு முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி 1989-இல் தனி நிறுவனமானது. தலைமையகம் நொய்டாவில், சென்னையில் மண்டல மையம் இருக்கிறது. இதுவும் ஒரு தேசியத் தேர்வு வாரியம். வீட்டுக் கல்விக் குடும்பங்களில் பலர் செல்லும் வழி இது.

இரண்டாவது, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வு. பதினான்கரை வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புச் சான்று கையில் இல்லாதவர்கள் அதற்கு முன் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதிவிட வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவுசெய்து பயிற்சி வகுப்புகளுக்கும் போக வேண்டும். சமச்சீர்ப் பாடநூல்களில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஏற்ற வழி. ஆனால் பிளஸ் டூவில் அறிவியல் எடுக்க விரும்புபவர்களுக்கு இது உகந்ததன்று.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது. பாடங்கள் ஆழமானவை, கட்டணம் மிக அதிகம், தேர்வு மையங்கள் பெரிய நகரங்களில்தான். இந்தியக் கல்லூரியில் சேரும்போது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் இணைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டுப் படிப்பு உறுதி என்றால் மட்டும் இதை யோசியுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். எப்படி இயங்குகிறது

பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்தபட்ச வயது 14. பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. ஐந்து பாடங்களில் தேர்ச்சி வேண்டும். அவற்றில் ஒன்றோ இரண்டோ மொழிப்பாடமாக இருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு பாடங்கள்வரை எடுக்கலாம். தேர்ச்சி மதிப்பெண் 33 விழுக்காடு. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே தேற வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள்: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். ஒருமுறை செய்த பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஐந்து பாடங்களையும் ஒரே பருவத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டை ஏப்ரலிலும் மூன்றை அக்டோபரிலும் எழுதலாம். கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. மற்ற நான்கையும் முடித்துவிட்டு, ஆறு மாதம் கணிதத்தை மட்டும் நிதானமாகப் படிக்கலாம்.

ஒவ்வொரு பாடத்திலும் ஒப்படைப்பு எழுத வேண்டும். டி.எம்.ஏ. எனப்படும் இதற்கு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு பங்கு உண்டு. கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்தப் பங்கு கைநழுவிவிடும். நாள்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு விதியையும் மனத்தில் வையுங்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றதற்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையில் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பை அக்டோபரில் முடிப்பதா, ஏப்ரலில் முடிப்பதா என்பது கல்லூரியில் சேரும் ஆண்டையே மாற்றிவிடக்கூடும். இப்போதே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

சேர்க்கை முழுவதும் இணையவழி. நீங்களே செய்யலாம். “தேர்ச்சிக்கு உத்தரவாதம்” என்று பலகை வைத்திருக்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். பிள்ளையின் ஆதாரையும் பிறப்புச் சான்றையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பின்னர் எந்தக் கைபேசி எண்ணில் பதிவு செய்தார்கள் என்றே தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை.

பாடத் தேர்வு: வாசலிலிருந்து பின்னோக்கி

திறந்தநிலைக் கல்வியின் அழகும் ஆபத்தும் பாடத் தேர்வில்தான் இருக்கின்றன. ஓவியம், மனையியல், உளவியல், கணினித் தரவு உள்ளீடு, கர்நாடக இசை என்று பள்ளியில் கிடைக்காத பாடங்கள் பத்தாம் வகுப்பிலேயே கிடைக்கின்றன. கணிதமே இல்லாமல் பத்தாம் வகுப்பை முடிக்கவும் முடியும். ஆனால் பதினான்கு வயதில் மூடிய கதவைப் பதினேழில் திறப்பது கடினம். சில நடைமுறைகளைப் பாருங்கள்.

பொறியியல்: தமிழகக் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்–ஆஃப் கணக்கிடப்படும். ஆகவே பன்னிரண்டில் இந்த மூன்று பாடங்களும் கட்டாயம். வெறும் தேர்ச்சி போதாது. ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கு, ஐந்து பாடங்களோடு என்.ஐ.ஓ.எஸ். மேல்நிலை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.

மருத்துவம்: 2018-இல் திறந்தநிலை மாணவர்களை நீட் தேர்விலிருந்து விலக்கும் விதி வந்தது. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த வழியில் விதிகள் மாறக்கூடியவை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் தகவல் கையேட்டை வரிவரியாகப் படியுங்கள்.

தரவு அறிவியல்: ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வார அடிப்படைப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். கணிதத்தைக் கைவிடுவதற்கு முன் இருமுறை யோசிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மத்தியப் பல்கலைக்கழகங்கள்: 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத்தேர்வு நடக்கிறது. வரலாறு, மொழி, பொருளாதாரம் விரும்பும் பிள்ளைகளுக்கு நல்ல வாசல்.

தமிழக அரசுப் பணிதான் குறிக்கோள் என்றால், சான்றிதழின் இணைத்தன்மை பற்றி அப்போது நடப்பிலுள்ள அரசாணையைப் பார்த்துவிட்டு வாரியத்தைத் தேர்ந்தெடுங்கள். மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சான்றிதழில் இந்தச் சிக்கலே எழாது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஆகியவை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்ததை அடிப்படையாகக் கொண்டவை. இடையில் நிறுத்தினால் அந்த உரிமை போய்விடும். இழப்பை அறிந்த பிறகே முடிவெடுங்கள்.

இணைய வகுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது

இணைய வகுப்புகள் மூன்று வகை: பதிவு செய்த காணொளி, பலர் சேரும் நேரலை, ஒருவருக்கு ஒருவர் எனத் தனி ஆசிரியர். மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை. ஒரு கருத்தை முதன்முதலாகப் புரிந்துகொள்ளக் காணொளி போதும். நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, திரும்பப் பார்க்கலாம். கால ஒழுங்குக்கும் சக மாணவர்களுக்கும் நேரலை உதவும். எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனி ஆசிரியர் வேண்டும். பணத்தை மூன்றாவதற்குச் சேமித்து வையுங்கள். முதலாவது பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது.

2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் என்.ஐ.ஓ.எஸ். பாடங்கள் உள்ளன. தமிழகப் பாடநூல்களில் அச்சிட்டுள்ள க்யூ.ஆர். குறியீடுகள் தீக்ஷா தளத்தின் காணொளிகளுக்கு அழைத்துச் செல்லும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்குக் கணிதத்தில் கான் அகாடமி நல்ல துணை. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன.

ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சந்தையில் உள்ள செயலிகள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தின் வரிசையில் நடத்துபவை. என்.ஐ.ஓ.எஸ். நூலின் பாட வரிசையும் கேள்வி அமைப்பும் வேறு. செயலியின் வரிசையில் போனால், தேர்வுக்கு இல்லாததைப் படித்து, தேர்வில் வருவதை விட்டுவிடுவாள் பிள்ளை. ஆகவே வாரியத்தின் பாடநூலே முதுகெலும்பு. அதன் பொருளடக்கத்தை ஒரு நோட்டில் எழுதி, எதிரே நான்கு பத்திகள் கோடு போடுங்கள்: எந்தக் காணொளி, எந்தப் பயிற்சி, யார் திருத்துவது, முடித்த தேதி. இந்த நோட்டைப் பிள்ளையே பராமரிக்கட்டும்.

கட்டண வகுப்பில் சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை:

• எங்கள் வாரியத்தின் பாடநூலை வைத்து நடத்துவீர்களா?
• ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பிள்ளை கேள்வி கேட்க நேரம் உண்டா?
• வீட்டுப்பாடத்தை ஆசிரியர் வாசித்துத் திருத்துவாரா, மதிப்பெண் மட்டும் திரையில் வருமா?
• ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாமா?
• இடையில் விலகினால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் தருவீர்களா?
• மாதக் கட்டணம் உண்டா?

மாதக் கட்டணம் கட்டாயம் கேளுங்கள். ஆண்டுக் கட்டணத்துக்குக் கடன் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள். வகுப்பு பிடிக்காமல் போனாலும் தவணை நிற்காது.

வாரம் எப்படி இருக்க வேண்டும்

பள்ளியின் எட்டுப் பாடவேளைகளை வீட்டில் நகலெடுக்க வேண்டாம். ஒருவர் மட்டும் ஊன்றிப் படிக்கும்போது நாளுக்கு நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் போதும். ஒரு மணி நேரம் வகுப்பைப் பார்த்தால், குறைந்தது ஒரு மணி நேரம் திரையில்லாமல் தாளில் எழுத வேண்டும் என்பதை வீட்டு விதியாக்குங்கள். பார்த்துப் புரிவது நீச்சல் குளத்தின் கரையில் நிற்பது மாதிரி. கையால் கணக்குப் போடும்போதுதான் தண்ணீரில் இறங்குகிறோம். ஒரு மாதிரி நாள்:

• 7.30–9.00: கணிதம். திரை இல்லை, நேற்றைய பாடத்தின் கணக்குகள்.
• 9.30–10.30: அறிவியல் வகுப்பு, நேரலை அல்லது காணொளி.
• 10.45–11.45: அதே பாடத்தைத் தன் சொற்களில் எழுதுதல், கேள்விகளுக்கு விடை.
• 2.00–3.00: மொழிப்பாடம். ஒருநாள் தமிழ், ஒருநாள் ஆங்கிலம்.
• மாலை: விளையாட்டு, இசை, தொழிற்பயிற்சி, நண்பர்கள்.

சனிக்கிழமை காலை, வாரம் முழுவதும் படித்ததிலிருந்து ஒரு மணி நேர எழுத்துத் தேர்வு. ஞாயிறு முழு ஓய்வு. மாதம் ஒருமுறை முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதட்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பாடம் தெரிந்தும் மதிப்பெண் இழப்பது கை வேகம் இல்லாததால்தான். பதினோராம் வகுப்பிலிருந்து கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நேரம் கூடும். மாலையை முழுவதுமாக அவற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் பெண் பிள்ளையைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். “வீட்டில்தானே இருக்கிறாள்” என்று சமையலும் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவள் படிப்பு நேரத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. கடை வைத்திருக்கும் வீட்டில் பையனுக்கும் இதுவே கதி. படிப்பு நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருப்பதாகவே வீட்டார் எண்ண வேண்டும். அதைக் காக்க முடியாத வீடு வீட்டுக் கல்வியை எடுக்கக் கூடாது. அது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

செய்முறை

அறிவியலை வீட்டில் படிக்க முடியாது என்பது முழு உண்மையன்று. அமிர்தா விஸ்வ வித்யாபீடமும் சி–டாக் நிறுவனமும் உருவாக்கிய ஓ–லேப்ஸ் தளத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டுவரையான சோதனைகளை மெய்நிகராகச் செய்து பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்கள் மின்சுற்று, அலை, சமநிலை போன்ற கருத்துகளைத் தொட்டு விளையாட வைக்கின்றன. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி, கைபேசியின் உணரிகளையே அளவுக் கருவியாக்குகிறது. கைபேசியை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஊசலாட்டி, அலைவு நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் தரம்பார்த்தலில் அமிலம் ஒரு சொட்டு அதிகமாவதைத் திரை உணர்த்தாது. செய்முறைத் தேர்வும் உண்மையான ஆய்வகத்தில்தான். என்.ஐ.ஓ.எஸ். உங்களுக்கு ஒதுக்கும் படிப்பு மையத்தின் நேர்முக வகுப்பு அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஆய்வக நாள்கள் ஒன்றையும் விடாதீர்கள். சேரும்போதே ஆய்வகம் நன்றாக இயங்கும் மையமா என்று நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு அருகில் இருப்பதைவிட இது முக்கியம்.

தோழமை

பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் மட்டும் போதாது. மாவட்ட விளையாட்டரங்கப் பயிற்சி, நூலகம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லம், இசை வகுப்பு என வாரம் மூன்று நாளாவது சம வயதினரோடு முகம் பார்த்துப் பழகும் இடம் ஒன்று கட்டாயம் வேண்டும். பள்ளியில் படிக்கும் பழைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து போகட்டும். பிள்ளை தொடர்ந்து அறைக்குள்ளேயே இருப்பது, இரவில் விழித்துப் பகலில் உறங்குவது, எதிலும் ஆர்வமில்லாமல் போவது ஆகியவை தென்பட்டால் பாட அட்டவணையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் போங்கள். பள்ளிக்குத் திரும்ப விரும்புகிறேன் என்று பிள்ளை சொன்னால், அதைத் தோல்வியாக எண்ணாமல் வழிசெய்யுங்கள்.

ஆவணக் கோப்பு

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியிலிருந்து விலகியிருந்தால் மாற்றுச் சான்றிதழும் எமிஸ் எனப்படும் மாணவர் பதிவு எண்ணும், சாதிச் சான்று, சேர்க்கைச் சீட்டு, ஒப்படைப்புகளின் நகல், தேர்வு அனுமதிச் சீட்டுகள். எல்லா ஆவணங்களிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். கலந்தாய்வு நேரத்தில் திருத்த அவகாசம் கிடைக்காது.

எட்டு முதல் பன்னிரண்டுவரை தமிழகப் பள்ளியில் படித்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்கள் பொறியியல் கலந்தாய்வுக்குப் பிறப்பிடச் சான்று தர வேண்டும். இ–சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் அதற்கான சான்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

வயது வாரியாகச் செய்ய வேண்டியவை

13 வயது: வாசல்களைப் பற்றிப் பேசுதல், வாரியத்தைத் தீர்மானித்தல், இலவசக் காணொளிகளோடு பழகுதல், கணிதத்தில் எட்டாம் வகுப்பு அடித்தளத்தைச் சரிபார்த்தல்.

14 வயது: பத்தாம் வகுப்புப் பதிவு; பொருளடக்க நோட்டு; முதல் ஒப்படைப்பு; எழுதும் வேகப் பயிற்சி.

15 வயது: பத்தாம் வகுப்புத் தேர்வுகள், பன்னிரண்டின் பாடத் தேர்வு, இரண்டு ஆண்டு இடைவெளியைக் கணக்கிட்டுப் பதிவு.

16 வயது: ஆய்வக நாள்கள், கடினமான பாடத்துக்குத் தனி ஆசிரியர், விரும்பும் துறையில் இருப்பவர்களைச் சந்தித்தல்.

17 வயது: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, நுழைவுத்தேர்வு விண்ணப்பங்கள், பிறப்பிடச் சான்று, விரும்பும் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி, இந்தச் சான்றிதழை ஏற்கிறார்களா என்று எழுத்தில் பதில் பெறுதல்.

இந்த அட்டவணையில் 13 வயதின் வேலைகளைச் செய்வது நீங்கள். 15-இல் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். 17-இல் விண்ணப்பத்தை நிரப்புவது, கல்லூரிக்கு எழுதுவது, தேர்வு மையத்துக்குப் பேருந்து எது என்று பார்ப்பது எல்லாம் பிள்ளையின் வேலையாகிவிட வேண்டும். மதிப்பெண்ணோடு இந்தப் பழக்கமும் சேர்ந்தால், கல்லூரியில் முதல் பருவத்திலேயே யாரும் விரட்டாமல் தானே படித்துக்கொள்வாள்.